உலாவி வேற்றுமையும் நிரலோர் கடமையும்

இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழி ஒன்றேயாயினும், அஃது எல்லா உலாவிகளிலும் ஒரு தன்மைத்தாய் இயங்குவதன்று. இவ்வேற்றுமையை நிரல் எழுதுவோர் எங்ஙனம் கையாளல் வேண்டும் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

1995-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பார் இம்மொழியை ஆக்கினர். மறு ஆண்டே மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் அதனையொத்த ஜேஸ்கிரிப்டைத் தம் எக்ஸ்ப்ளோரரில் அமைத்தனர். 1997-இல் எக்மா என்னும் அமைப்பு மொழிக்கு இலக்கணம் வகுத்தது. ஆயினும், பக்கத்தின் உறுப்புக்களை மொழி ஆளும் முறை அவ்விலக்கணத்துள் அடங்கவில்லை. அதன்கண் நிகழ்ச்சிகளுக்குரிய விதிகளை டபிள்யூ3சி கூட்டமைப்பு 2000-இல் வெளியிட்டும், 2011-இல் ஒன்பதாம் பதிப்பு வருமளவும் எக்ஸ்ப்ளோரர் அவற்றை ஏற்றிலது. ஒரு பொத்தானை அழுத்தியவுடன் ஒரு செயல் நிகழ்தற்கு ஏனை உலாவிகள் 'ஆட்ஈவென்ட்லிஸனர்' என்னும் கட்டளையைக் கொள்ள, அஃதொன்று மட்டும் 'அட்டாச்ஈவென்ட்' என்பதையே கொண்டது.

இத்தகைய இடர்ப்பாட்டிற்கு நிரலோர் கண்ட வழிகள் இரண்டு. உலாவியை நோக்கி, "நீ யார்?" என வினவுதல் ஒன்று, "இஃது உனக்கு இயலுமோ?" என வினவுதல் மற்றொன்று. பின்னதே நேரிய நெறி என்பது நம் துணிபு. என்னை? பெயர் மெய் கூறுவதில்லை. பெயர் கண்டு பக்கம் வழங்கிய தளங்களால் ஒதுக்கப்படாமைப் பொருட்டு, பின்வந்த உலாவிகள் முன்னவற்றின் பெயரைப் பூண்டன. எக்ஸ்ப்ளோரர் தன்னை 'மொசில்லா' என்றது. குரோம் இன்றும் மொசில்லா, சஃபாரி ஆகிய இரு பெயர்களையும் சுமக்கின்றது.

ஓர் ஆற்றல் இருந்தும் அது பழுதுற்றிருக்குமாயின் யாது செய்வது எனின், அதனை இயக்கி விளைவை நோக்குக என்போம். அதுவும் இயலாவிடத்துப் பெயர் வினவுதல் விலக்கேயன்றி விதியாகாது.

2006-இல் ஜான் ரெசிக் என்பார் வெளியிட்ட ஜேக்குவரி இச்சுமையைப் பெரிதும் தாங்கிற்று. 2022 ஜூன் 15-இல் எக்ஸ்ப்ளோரரும் ஓய்வு பெற்றது. இனி இவ்வாராய்ச்சி எற்றிற்கு என்பார் உளர். புதிய ஆற்றல்கள் எல்லா உலாவிகளிலும் ஒருங்கே வருவன அல்ல. ஐபோனில் சஃபாரி இயங்குதளத்தோடே புதுப்பிக்கப்படுதலின், தளம் புதுப்பிக்கப்பெறாத பழங்கருவி பழைய சஃபாரியோடே நின்றுவிடும். தான் அறியாத தொடரமைப்பு ஒன்றைக் காணின் உலாவி அந்நிரற்கோப்பு முழுவதையுமே தள்ளிவிடும். அதனுள் எழுதிய வினாவும் அங்கே பயன்படாது. ஆதலின், ஜாவாஸ்கிரிப்ட் இன்றியும் எச்.டி.எம்.எல் அளவில் நிறைவேறத்தக்கதாய் அடிப்படைப் பணியை அமைத்து, ஏனைய அழகுகளை அதன்மேல் ஏற்றுதலே முறை.

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் ஏழை மாணவன் கையிலுள்ளது பழைய கருவியாகவே இருத்தல் கூடும். இறுதி நாளன்று அவன் அழுத்தும் பொத்தான் வாளா இருக்குமாயின், இழப்பு அவனுடையது. குற்றமோ நிரல் எழுதினாருடையது. கணினி பயிலும் நம் தோழர்கள் இதனை உளங்கொண்டு, வருவார் எவராயினும் வாயில் திறக்குமாறு நிரல் எழுதுவாராக.