கூடைப்பந்துச் சான்றிதழின் மதிப்பு என்ன?

புதுதில்லி ஐடிஓ சந்திப்பிலிருந்து சற்று உள்ளடங்கி, தேசிய பால பவனுக்கு எதிரே செல்லும் சாலைக்குத் தோழர் இந்திரஜித் குப்தா மார்க் என்று பெயர். மக்களவைக்குப் பதினொரு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவரும், ஏஐடியுசியின் பொதுச் செயலாளராகவும் கட்சியின் பொதுச் செயலாளராகவும் பணியாற்றியவரும், 1996 முதல் 1998 வரை ஒன்றிய உள்துறை அமைச்சராக இருந்தவருமான தலைவரின் பெயர் அது. அச்சாலையில் 15ஆம் எண் கட்டடம் அஜய் பவன். 16ஆம் எண் கட்டடம் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திற்கு உரியது. தலைமையகத்திற்கு வந்துபோகும் தோழர்கள் பலர் அந்தப் பெயர்ப்பலகையைப் பொருட்படுத்தாமலே கடந்திருக்கலாம். பட்டங்களின் சமத்தன்மையைச் சரிபார்க்கும் அலுவலகம் என்ற அளவில்தான் அது பொதுவாக அறியப்பட்டுள்ளது.

நாட்டின் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிகள் அனைத்தையும் ஒழுங்கு செய்வதும் அந்த அலுவலகம்தான். ஒவ்வொரு குளிர்காலத்திலும் கூடைப்பந்துக்கான அட்டவணை அங்கிருந்து வெளியாகிறது. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலங்களில் முதலில் போட்டிகள் நடைபெறும். ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியாக நடைபெறும் இப்போட்டிகளில், ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் நான்கு இடம் பெறும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குத் தகுதி பெறும். தில்லிப் பல்கலைக்கழகம் வட மண்டலத்திலும், சென்னைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டின் பிற பல்கலைக்கழகங்களும் தென் மண்டலத்திலும் ஆடுகின்றன. தொலைக்காட்சி ஒளிபரப்போ, நுழைவுச்சீட்டு விற்பனையோ இவற்றுக்குப் பெரிதாக இல்லை. மைதானத்தின் ஓரத்தில் சக மாணவர்களும், உடற்கல்வி ஆசிரியர்களும், எப்போதோ இதே ஆட்டத்தை ஆடிய ரயில்வே ஊழியர் சிலரும் அமர்ந்திருப்பர்.

ஆனாலும் அந்த ஆட்டத்தில் பந்தயமாக வைக்கப்படுவது சிறிதன்று. வெற்றிக்கோப்பை பல்கலைக்கழகத்தின் கண்ணாடி அலமாரிக்குப் போய்விடும். ஆட்டக்காரர் கையில் எஞ்சுவது சங்கத்தின் முத்திரையிட்ட சான்றிதழ் ஒன்றே. 1980இல் வகுக்கப்பட்டு, 2013இல் தொகுத்து வெளியிடப்பட்ட ஒன்றிய அரசின் பணியாளர் துறை ஆணைகளின்படி, அரசுப் பணிகளில் நேரடி நியமனத்திற்குரிய காலியிடங்களில் 5 விழுக்காடு வரை விளையாட்டு வீரர்களைக் கொண்டு நிரப்பலாம். நாட்டுக்காக ஆடியவர், தேசியப் போட்டியில் மாநிலத்துக்காகப் பதக்கம் பெற்றவர் ஆகியோருக்கு அடுத்தபடியாக, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் முதல் மூன்று இடம் பெற்றவருக்கு முன்னுரிமை உண்டு. வெறுமனே பங்கேற்றவரும் இறுதி வரிசையில் நிற்கலாம். கூடைப்பந்து அந்த விளையாட்டுப் பட்டியலில் உள்ளது.

ஆக, மண்டலப் போட்டியின் காலிறுதியில் கடைசி நிமிடத்தில் எறியப்படும் பந்து ஒரு குடும்பத்தின் முதல் அரசு ஊதியமாக மாறக்கூடும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுக் காலம் அவ்வாறே மாறியும் வந்தது. தென்னக ரயில்வே, பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, சுங்கத் துறை, வருமானவரித் துறை, டேராடூனில் ஓஎன்ஜிசி, கேரளத்தில் மின்வாரியம் என, இந்தியக் கூடைப்பந்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பொதுத்துறையின் வரலாற்றையே எழுத வேண்டியிருக்கும். சென்னையில் பிறந்து, பத்தொன்பது வயதில் இந்திய மகளிர் அணிக்குத் தலைமையேற்று, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை தென்னக ரயில்வே ஊழியர். கோட்டயம் பகுதியிலிருந்து வந்து, சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் பயின்று, பின்னர் ஆஸ்திரேலியக் கழகமொன்றில் ஆடச் சென்ற கீது அன்னா ஜோஸும் தென்னக ரயில்வேயின் வளர்ப்பே. இவர்களைத் தனியார் முதலாளி எவரும் கண்டெடுக்கவில்லை. அரசுக் கல்லூரியும் உதவிபெறும் கல்லூரியும் பந்தைக் கையில் கொடுத்தன; பொதுத்துறை சோற்றுக்கு வழி செய்தது. குறிப்பாகப் பெண்களுக்கு இதன் பொருள் ஆழமானது. மகள் அரைக்காற்சட்டை அணிந்து மைதானத்தில் ஓடுவதை விரும்பாத தந்தையும், அந்த ஓட்டத்தின் முடிவில் ரயில்வே நியமன ஆணை வரக்கூடும் என்றபோது வாய்மூடியிருக்கிறார். ஆணாதிக்கத்தை உபதேசத்தால் மட்டும் அசைக்க முடியாது என்பதற்கு இது நல்ல சான்று.

இன்று அந்தச் சான்றிதழின் மதிப்பு என்ன?

5 விழுக்காடு என்ற விதி நீக்கப்படவில்லை. எதன் 5 விழுக்காடு என்பதில்தான் சூழ்ச்சி இருக்கிறது. நேரடி நியமனத்திற்கென அறிவிக்கப்படும் இடங்களில் மட்டுமே அது கணக்கிடப்படும். 2021 மார்ச் 1 நிலவரப்படி ஒன்றிய அரசுத் துறைகளில் 9.79 லட்சம் இடங்கள் காலியாக இருந்தன என்று நாடாளுமன்றத்திலேயே அரசு ஒப்புக்கொண்டது. நிரப்பப்படாத இடத்தில் இடஒதுக்கீடும் இல்லை, விளையாட்டு ஒதுக்கீடும் இல்லை. ஒப்பந்த முறையில் ஆள் எடுக்கும் முகவர், எவரிடமும் கூடைப்பந்துச் சான்றிதழைக் கேட்பதில்லை. தில்லிக் கூடைப்பந்தின் தூண்களில் ஒன்றாக எம்டிஎன்எல் மகளிர் அணி ஒரு காலத்தில் விளங்கியது. வாரணாசியின் புகழ்பெற்ற சிங் சகோதரியருள் சிலர் அந்நிறுவனத்தின் சார்பில் ஆடியவர்கள். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் எம்டிஎன்எல் ஊழியர்கள் 14,000க்கும் மேற்பட்டோர் ‘விருப்ப ஓய்வில்’ வெளியேறினர். ஊழியரையே வெளியேற்றும் நிறுவனம் புதிதாக ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க இயலாது. விஜயா வங்கி 2019 ஏப்ரல் 1 அன்று பேங்க் ஆஃப் பரோடாவுடன் இணைக்கப்பட்டபோது, அவ்வங்கியின் பெயரில் ஆடிய அணியின் பெயரும் மறைந்தது. வங்கி இணைப்பை எதிர்த்து வெளியான துண்டறிக்கைகளில் கிளை மூடல் பற்றிப் பேசப்பட்டது. பதவி உயர்வு பற்றிப் பேசப்பட்டது. அணிகளைப் பற்றிப் பேசியவர் குறைவு.

போட்டிக்குச் செல்லும் பயணத்திலும் அரசு கைவைத்துவிட்டது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்ட ரயில் கட்டணச் சலுகைகளில் விளையாட்டு வீரர்களுக்கானதும் ஒன்று. மூத்த குடிமக்கள் சலுகையையும் இதையும் மீண்டும் வழங்கும் எண்ணமில்லை என 2022இல் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மூத்த குடிமக்கள் சலுகைக்காகக் குரல்கள் எழுந்தன, எழ வேண்டியவையே. பன்னிரண்டு பேர் கொண்ட கல்லூரி அணிக்காக எழுந்த குரல் எங்கும் கேட்கவில்லை.

பொதுத்துறை பின்வாங்கிய இடத்தில் நுழைந்திருப்பது தனியார் பல்கலைக்கழகம். பல்கலைக்கழக விளையாட்டில் ஒட்டுமொத்தச் சிறப்புக்காக 1956-57 முதல் வழங்கப்படும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை, நெடுங்காலம் அமிர்தசரஸ் குருநானக் தேவ், சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களின் கைகளிலேயே சுழன்று வந்தது. 2024ஆம் ஆண்டுக்கான கோப்பை தனியாருக்குச் சொந்தமான சண்டிகர் பல்கலைக்கழகத்திற்குச் சென்றது. இரண்டாமிடம் மற்றொரு தனியார் நிறுவனமான லவ்லி புரொபஷனல் பல்கலைக்கழகத்திற்கு. கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டின் இரண்டாம் பதிப்பை 2022இல் பெங்களூரில் நடத்திய தனியார் ஜெயின் பல்கலைக்கழகமே பதக்கப் பட்டியலிலும் முதலிடம் பெற்றது.

இதில் ஆட்டக்காரரைக் குறைகூற ஏதுமில்லை. கட்டணமில்லாக் கல்வி, விடுதி, நல்ல மைதானம் ஆகியவற்றை ஒரு நிறுவனம் தரும்போது, உழவர் வீட்டுப் பிள்ளை அதை ஏற்காமல் இருப்பது எப்படி? அரசுப் பல்கலைக்கழகம் அவற்றைத் தரத் தவறியதே முதற்குற்றம். தில்லிப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு, பிற கலைத்திறன்கள் இரண்டுக்கும் சேர்த்து 5 விழுக்காடு வரை கூடுதல் இடங்கள் உண்டு. 2022 முதல் விளையாட்டுத் தகுதிக்கு 75 விழுக்காடும் பொது நுழைவுத் தேர்வுக்கு 25 விழுக்காடும் மதிப்பளிக்கப்படுகிறது. இடம் கிடைப்பது வரை சரி. கிடைத்தபின் உணவுக்கும் காலணிக்கும் வழி என்ன என்பதற்கு அவ்விதியில் விடையில்லை.

தனியார் நிறுவனத்திலோ வேறு வகைக் கேள்வி எழுகிறது. அங்கே ஆட்டக்காரரின் உடலுழைப்பு விளம்பரமாகிறது. நெடுஞ்சாலைப் பதாகையில் பதக்கத்துடன் நிற்கும் மாணவியின் படம், கட்டணம் செலுத்திச் சேரப்போகும் பல்லாயிரம் பேரை ஈர்ப்பதற்கானது. அந்த மாணவிக்கும் நிறுவனத்திற்கும் இடையிலான உறவு எத்தகையது? முழங்கால் தசைநார் அறுந்து ஓராண்டு ஆட முடியாமல் போனால் கட்டணச் சலுகை தொடருமா? அறுவைச் சிகிச்சைக்கு யார் பணம் தருவது? இவற்றுக்கு விடை சொல்லும் கட்டாய ஒழுங்குமுறை வேண்டும். சலுகை என்பது உரிமையாகாதவரை, கொடுப்பவர் எந்நாளும் திரும்பப் பெறலாம்.

இந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்காவில் காணலாம். அங்கே கல்லூரிகள் ‘கான்பரன்ஸ்’ எனப்படும் குழுமங்களாகப் பிரிந்து ஆடுகின்றன. ஒவ்வொரு மார்ச் மாதமும் அக்குழுமங்களின் வாகையர் போட்டிகளும், தொடர்ந்து தேசியப் போட்டியும் நடைபெறும். ஆடவர் தேசியப் போட்டியின் ஒளிபரப்பு உரிமை மட்டும் இப்போது ஆண்டுக்குச் சராசரியாக 110 கோடி டாலர். பயிற்சியாளர்களின் ஊதியமோ பல லட்சம் டாலர். வியர்வை சிந்தும் மாணவரோ ‘தொழில்முறை சாராதவர்’ என்ற பெயரால் பல பத்தாண்டுகள் ஊதியமின்றி வைக்கப்பட்டனர். நீதிமன்றப் போராட்டங்களுக்குப் பின் 2025 ஜூனில்தான் முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர் நிலுவை வழங்கவும், இனி வருவாயில் ஒரு பங்கை நேரடியாகத் தரவும் வழிசெய்யும் உடன்பாடு ஏற்கப்பட்டது.

அதைவிடக் கட்சித் தோழர்கள் அறிய வேண்டியது டார்ட்மவுத் கல்லூரியின் கதை. ஐவி லீக் குழுமத்தைச் சேர்ந்த அக்கல்லூரியில் விளையாட்டுக்கென உதவித்தொகையே கிடையாது. அங்குள்ள ஆடவர் கூடைப்பந்து அணியினர், தாங்கள் கல்லூரியின் ஊழியர்களே என்று தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தை அணுகினர். 2024 பிப்ரவரியில் வாரியத்தின் வட்டார அதிகாரி அதை ஏற்றார். மார்ச் 5 அன்று நடந்த வாக்கெடுப்பில் 13க்கு 2 என்ற கணக்கில் சங்கம் அமைக்க முடிவாயிற்று. அவர்கள் சேர்ந்தது, கல்லூரியின் மற்ற ஊழியர்கள் ஏற்கெனவே உறுப்பினராக இருந்த அதே தொழிற்சங்கக் கிளையில். முன்னின்ற வீரர்களில் ஒருவர் கல்லூரி உணவகத்தில் பகுதிநேர வேலை பார்த்தவர். தட்டுக் கழுவுவது உழைப்பு என்றால் பந்து ஆடுவது ஏன் உழைப்பாகாது என்ற கேள்வி அவருக்கு ஏட்டில் படித்து வந்ததன்று. நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு மறுத்தது. டிரம்ப் மீண்டும் பதவியேற்கவிருந்த நிலையில், வாரியத்தின் போக்கு மாறும் என்று கணித்த சங்கம் 2024 டிசம்பர் 31 அன்று மனுவைத் திரும்பப் பெற்றது. அது தோல்விதான். எனினும் பதின்மூன்று கல்லூரி மாணவர்கள் தங்களைத் தொழிலாளர் என்று அறிவித்த வாக்கு பதிவாகிவிட்டது.

இந்தியாவில் ஒளிபரப்புக் கோடிகள் இன்னும் வரவில்லை. இங்குள்ள சிக்கல் அதற்கும் கீழ்ப்பட்ட தளத்தில் நிற்கிறது: தலைக்குமேல் சாயாத ஒரு கம்பம் வேண்டும். 2025 நவம்பர் இறுதி வாரத்தில், தில்லியின் எல்லையை ஒட்டி மெட்ரோ ரயில் சென்று சேரும் பகதூர்கரில், பயிற்சியிலிருந்த 15 வயது மாணவர்மீது கூடைப்பந்துக் கம்பம் விழுந்தது. அவர் மருத்துவமனையில் இறந்தார். ஓரிரு நாள்களில் ரோத்தக் மாவட்டம் லாகன் மாஜராவில், தேசிய அளவில் ஆடிய 16 வயது வீரர் வளையத்தைப் பற்றித் தொங்கியபோது கம்பம் அடியோடு பெயர்ந்து மார்பில் விழ, அவரும் இறந்தார். அந்த மைதானத்தைச் சீரமைக்க நாடாளுமன்ற உறுப்பினர் நிதி ஒதுக்கப்பட்டும் செலவிடப்படவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதே வாரத்தில், நவம்பர் 26 அன்று, 2030ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்துக்கு வழங்கப்பட்டதை ஒன்றிய அரசு கொண்டாடியது. 2036 ஒலிம்பிக்கும் அங்கேயே வேண்டும் என்பது அடுத்த ஆசை.

தலைநகரின் உள்ளே நிலைமை மேலானது என்று எண்ண வேண்டியதில்லை. 2022இல் தியாகராஜ் விளையாட்டரங்கில், உயர் அதிகாரி ஒருவர் தம் நாயுடன் நடைபழகுவதற்காக மாலை ஏழு மணிக்கே பயிற்சியை முடித்து வெளியேறச் சொல்கிறார்கள் என்று வீரர்களும் பயிற்சியாளர்களும் புகார் கூறினர். அதிகாரி மறுத்தார், லடாக்கிற்கு மாற்றப்பட்டார். செய்தித்தாள்கள் நாயைப் பற்றி நிறைய எழுதின. பொது மைதானத்தின்மீது வீரருக்கு என்ன உரிமை என்பது அத்தோடு பேசப்படாமல் போயிற்று.

இடதுசாரி இயக்கமும் இதில் தன்னைத் தேடிப் பார்க்க வேண்டியுள்ளது. 2023இல் ஜந்தர் மந்தரில் மல்யுத்த வீராங்கனைகள் அமர்ந்தபோது தொழிற்சங்கங்களும் மாதர் அமைப்புகளும் உழவர் சங்கங்களும் அவர்களுடன் நின்றன. அது சரியான நிலைப்பாடு. பதக்கம் பெற்றவர் தெருவுக்கு வந்தபின் நிற்பது ஒன்று. பெயர் தெரியாத ஆட்டக்காரர் மண்டலப் போட்டிக்குப் பொதுப்பெட்டியில் நின்றபடி பயணம் செய்யும்போது கேட்பது வேறொன்று. மாணவர் அமைப்பின் கோரிக்கைப் பட்டியலில் விடுதி இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது. விளையாட்டுக் காயத்திற்கான காப்பீடு இல்லை. பொதுத்துறைச் சங்கங்களின் பேச்சுவார்த்தையில் விளையாட்டு ஒதுக்கீட்டு நியமனம் இடம்பெறுவது அரிது. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் 3 விழுக்காடு விளையாட்டு ஒதுக்கீடு உள்ளது; அது ஆண்டுதோறும் எத்தனை பேருக்கு, எந்தெந்த ஆட்டங்களுக்குக் கிடைக்கிறது என்று கணக்குக் கேட்பது இளைஞர் அமைப்புக்குக் கடினமான வேலையன்று.

சில கோரிக்கைகளுக்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. போட்டியில் பதிவுபெறும் ஒவ்வொருவருக்கும் காப்பீடு செய்யாத பல்கலைக்கழகத்தின் அணியை ஏற்க மறுக்கலாம். காயமுற்றவரின் கட்டணச் சலுகை படிப்பு முடியும்வரை தொடரும் என்ற எழுத்துறுதியைப் பதிவுப் படிவத்துடனேயே கேட்கலாம். போட்டி நடத்தும் நிறுவனம் கம்பங்களையும் தளத்தையும் பொறியாளரைக் கொண்டு சோதித்த சான்றை முன்கூட்டியே தரவேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். இவை மூன்றையும் ஒரு சுற்றறிக்கையால் செய்யும் அதிகாரம் 16ஆம் எண் கட்டடத்தில் இருக்கிறது. அடுத்த பருவத்தின் அட்டவணை வெளியாவதற்கு முன் மாணவர், இளைஞர் அமைப்புகளின் தூதுக்குழு அங்கே சென்று மனு அளிக்கலாம். 15ஆம் எண்ணிலிருந்து புறப்பட்டால் வாகனம் தேவைப்படாது.