வெள்ளைச் சட்டையும் வெட்டிய நகமும்

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து மதரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் கையில் பையுடன் வந்தார். இப்போது அவர் செவிலியப் பட்டம் பெற்றவர். பையைத் திறந்தார். துபாயிலிருந்து மச்சான் அனுப்பிய கருநீலக் கோட்டு, பளபளக்கும் டை, தங்க முலாம் பூசிய கைக்கடிகாரம் ஆகியவை அதில் இருந்தன.

"ஹஜ்ரத், அடுத்த வாரம் சென்னையில் நேர்காணல். வளைகுடா மருத்துவமனைக்கு ஆண் செவிலியர்களை எடுக்கிறார்கள். இதையெல்லாம் போட்டுக்கொண்டு போகச் சொல்கிறார் வாப்பா. தாடியையும் எடுத்துவிடச் சொல்கிறார்" என்றார். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் தலை குனிந்திருந்தது.

அவருடைய வாப்பாவை நான் நன்கறிவேன். ஊரில் தையற்கடை வைத்திருக்கிறார். மகன் என்ன படித்தான் என்று யாரேனும் கேட்டால், "ஆஸ்பத்திரி சம்பந்தமான படிப்பு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். நர்ஸ் வேலை பெண்களுடையது என்பது அவர் எண்ணம். மகன் அதிகாரியைப் போலத் தோன்றினாலாவது அந்தக் கூச்சம் மறையும் என்று நினைத்தார் போலும்! கோட்டின் இரகசியம் அதுதான்.

அந்தக் கூச்சத்திற்கு நம் வரலாற்றில் இடமில்லை. மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் கூடாரம் அமைத்துக் காயம்பட்டோரைப் பராமரித்த ருஃபைதா (ரலி) அவர்களைப் பலரும் அறிவர். கெய்ரோவில் கி.பி. 1284-இல் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் ஆண் நோயாளிகளுக்கு ஆண் பணியாளர்களும், பெண் நோயாளிகளுக்குப் பெண் பணியாளர்களும் இருந்தனர். முதிய ஆண் ஒருவரைக் குளிப்பாட்டவும், அவருக்குச் சிறுநீர்க் குழாய் பொருத்தவும் ஓர் ஆண் வேண்டும் என்று இன்று நாம் விரும்புகிறோம் அல்லவா? அந்த ஆண் யாருடைய வீட்டுப் பிள்ளையாக இருப்பான்?

உடைக்கு வருவோம். செவிலியரைத் தேர்ந்தெடுக்க அமர்ந்திருப்பவரின் மனத்தில் ஒரு கேள்வி இருக்கும்: 'இந்தக் கைகளை நோயாளியின் உடம்பின்மீது வைக்க விடலாமா?' எனவே உடுத்துபவர் முதலில் கவனிக்க வேண்டியது தம் கைகளை. கோட்டு அந்தக் கைகளை மூடி மறைக்கிறது. மேலும் அது இரவல் கோட்டு. தோள் பொருந்தாது, சென்னை வெயிலில் வியர்வை வேறு. வெளிர் நிறத்தில் கோடோ கட்டமோ இல்லாத முழுக்கைச் சட்டை, கருநிற பேண்ட், துடைத்த கறுப்பு ஷூ, கிழியாத காலுறை இவை போதும் என்றேன்.

இங்கிலாந்தின் சுகாதாரத் துறை 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நோயாளியைக் கவனிக்கும்போது முழங்கைக்குக் கீழே துணியோ கைக்கடிகாரமோ இருக்கலாகாது என்றது. டையையும் அது வேண்டாம் என்றது. தினமும் கட்டுவார்கள், துவைப்பதோ அபூர்வம், கிருமி தங்கும் என்பதே காரணம். (நம் சகோதரிகளுக்கு இந்த விதியில் சிக்கல் எழுந்தது. 2010-இல் அதைத் திருத்தி, ஒருமுறை அணிந்து எறியும் கையுறைகளைப் போல முன்கையை மூடும் உறைகளுக்கு இடமளித்தார்கள்.) ஆண்களுக்கு என்ன சிரமம்? நாளைக்கு ஐந்து முறை உளூச் செய்பவருக்குச் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடிப்பது புதிதா?

டை கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அதன் பின்புறத்துச் சீட்டைப் படித்துப் பாருங்கள். விலையுயர்ந்தவை பெரும்பாலும் தூய பட்டு. ஆண்களுக்குப் பட்டு ஆகாது. தோல் அரிப்பால் துன்புற்ற இரு தோழர்களுக்கு மட்டும் நபி (ஸல்) அவர்கள் பட்டணிய அனுமதித்தார்கள் என்று புகாரியில் வருகிறது. மருத்துவக் காரணத்துக்குக் கிடைத்த சலுகை அது, நேர்காணலுக்கு அன்று! தங்க நிறக் கடிகாரமும் பைக்குள்ளேயே இருக்கட்டும். வெள்ளி மோதிரம் கூடும். ஆயினும் மோதிரத்தின் அடியில் அழுக்குச் சேருமென்பதால் அன்று அதைக் கழற்றி வைப்பதே நல்லது.

அத்தர் பூசலாமா என்று கேட்டார். அது சுன்னத்து. ஆனால் ஆஸ்துமா நோயாளிக்கும், புற்றுநோய் மருந்தால் குமட்டல் கண்டவருக்கும் அதே நறுமணம் வேதனை. இதை அறிந்த செவிலியரா என்று மூக்காலேயே சோதித்துவிடுவார்கள். குளித்துப் பல் துலக்கிச் சென்றால் போதும். நகம் வெட்ட நாற்பது நாளைத் தாண்டலாகாது என்பது நம் மார்க்கம் வைத்த எல்லை. செவிலியருக்கு அது வாரம் ஒரு முறை.

ஜுப்பா அணிந்தால் அரபு நாட்டவர் மகிழ்வார்கள் என்று நண்பர்கள் சிலர் கூறினார்களாம். நான் அன்றாடம் ஜுப்பா அணிபவன். ஆனாலும் அதை அணிந்து செல்லும்படி நான் சொல்லவில்லை. பக்தியைச் சிபாரிசுக் கடிதமாக நீட்டுவது எனக்குப் பிடிக்காது.

தாடிதான் பாக்கி. அதைக் கழுவி, சீவி, ஒழுங்காக வைத்துக்கொண்டு போகும்படி கூறினேன். ஒரு நியாயமான கேள்வி எழக்கூடும் என்பதையும் மறைக்கவில்லை. காற்றுவழி பரவும் நோய்க்கு அணியும் என்-95 முகக்கவசம் தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். நடுவே முடியிருந்தால் காற்று கசியும். கொரோனா பரவிய 2020-இல் பிரிட்டனில் சீக்கிய மருத்துவர்கள் இதற்கொரு வழி கண்டார்கள். அகன்ற ரப்பர் பட்டையால் தாடியை முழுவதும் மூடி, தலை உச்சியில் முடிச்சிட்டு, அதன்மேல் கவசத்தை அணிந்து சோதித்துக் காட்டினார்கள். தலையை முழுதும் மூடிக் காற்றை வடிகட்டித் தரும் கருவியும் உண்டு. "இவற்றை அறிவேன், உங்கள் மருத்துவமனையின் சோதனைக்கு உட்படுவேன் என்று சொல்லுங்கள், தம்பி. கேட்பதற்கு முன்பே மழித்துக்கொண்டு போகாதீர்கள்" என்றேன்.

கணினித் திரை வழியே நேர்காணல் தருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே கைலி என்று அமராதீர்கள். ஏதேனும் சான்றிதழை எடுக்க எழுந்தால் கதை முடிந்தது.

அன்று மஃரிபுக்குப் பிறகு அவருடைய வாப்பாவின் கடைக்குப் போனேன். கலாவூன் மருத்துவமனையைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தைத்துக்கொண்டிருந்தார், பதில் கூறவில்லை. நானும் வற்புறுத்தாமல் திரும்பிவிட்டேன்.

மூன்று நாள் கழித்து மாணவர் புதுச் சட்டையைக் கொண்டுவந்து காட்டினார். வெள்ளைப் பருத்தி. பேண்ட் கணுக்காலுக்குச் சற்று மேலே நின்றது. சட்டைக் கையின் உட்புறத்தில் ஒரு சிறு பட்டியும், வெளியே முழங்கைக்கு மேல் ஒரு பொத்தானும் இருந்தன. மடித்த கை வேலையின்போது நழுவாமலிருக்க வாப்பா தாமாகவே வைத்துத் தைத்தாராம். நேர்காணல் முடிந்துவிட்டது, முடிவு இன்னும் வரவில்லை. கோட்டை மச்சானுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.