எங்கள் கூலியில் கழியும் கணக்கு

மனநோய்களால் 2012 முதல் 2030 வரை இந்தியப் பொருளாதாரத்துக்கு ஏற்படும் இழப்பு ஒரு லட்சம் கோடி டாலருக்கும் மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாட்டின் இழப்பு என்று எழுதுகிறார்கள். ஐயா, அந்தப் பணம் எந்தக் கஜானாவிலிருந்து போனது? என் தம்பியின் கூலியிலிருந்து போனது. என் கூலியிலிருந்து போனது. அம்மாவின் காதுத் தோடும் அதில்தான் போனது.

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடித்தவன் அவன். ஒன்றரை ஷிப்ட், அவசர ஆர்டர் என்றால் விடிய விடிய. மனச்சிதைவு வந்ததும், குணமானால் வா என்றுகூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். இந்த நோய்க்கு இ.எஸ்.ஐ.யில் நீண்டகால உதவி உண்டு. தகுதி இருந்தால் கூலியில் 80 சதவீதம், இரண்டு ஆண்டுவரைகூடக் கிடைக்கும். அவனுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. பீஸ் ரேட் ஆள் என்று பதிவேட்டில் சேர்க்கவே இல்லை. அவன் அடித்த துணியெல்லாம் கப்பலேறிப் போயிற்று. அவன் பெயர் ஒரு நோட்டிலும் ஏறவில்லை!

மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம்தானே என்பார்கள். இலவசம்தான். அதை வாங்கப் போகிற நாளின் கூலியை யார் தருவது? அவனைத் தனியே அனுப்ப முடியாது, நானும் போக வேண்டும். சில மாதம் ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். குடும்பங்கள் சிகிச்சைக்கும் பயணத்துக்குமாக மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் செலவழிப்பதாக 2015-16 தேசிய மனநல ஆய்வே சொன்னது. செக்கிங்கில் இருந்த நான் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறேனே, இரவெல்லாம் அவன் நடந்தால் நானும் கூடவே நடக்கிறேனே, இது அதில் சேருமா?

உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். இந்த நோயோ வருடக்கணக்கில் வீட்டிலேயே, தினம் ஒரு மாத்திரையோடு நடக்கிறது. எங்களுக்கு அந்தச் சட்டம் எதற்கு உதவியது?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். அவர்களை அங்கே விட்டுவந்த குடும்பங்களைப் பழிக்க எனக்கு வாய் வரவில்லை. வைத்தியத்துக்கு நாதியற்று, பிழைப்பும் போய், கடைசி வழியாக அங்கே போனவர்கள் எத்தனை பேரோ. நினைத்தால் வயிறு எரிகிறது.

மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் சிகிச்சை தர ஒரு டாலர் செலவிட்டால் நான்கு டாலர் திரும்பும் என்று அதே உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே கணக்குப் போட்டுக் காட்டியது. லாபம் என்று தெரிந்தும் ஏன் செலவிட மறுக்கிறீர்கள்?

இப்போது அவன் வேலைக்குப் போகலாம் என்கிறார் மருத்துவர். பழகிய கை. அரை ஷிப்டாவது கொடுங்கள் என்று கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறேன். "மிஷின் ஓடுற எடங்க்கா, ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?" என்கிறார்கள். அந்த மிஷினில்தானே அவன் இளமை போயிற்று! அவன் உழைக்காததால் நாட்டுக்கு நட்டம் என்று எழுதுகிறவர்களே, அவனை உழைக்க விடாதவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.