பிரயாணியின் சுதந்திரமும் பிரித்தானியப் பஸ் வண்டிகளும்

இலண்டன் சென்று மீள்வோர் எழுதும் பிரயாணக் கட்டுரைகளில் ஒரு பகுதி தவறாது இடம்பெறும். நிலக்கீழ்ப் புகையிரதத்தின் ஒழுங்கும், சிவப்பு நிற இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளும், ஊர் அறியாதவனையும் உரிய இடத்திற் கொண்டு சேர்க்கும் வண்ணக்கோட்டுப் படமும் அதில் வியந்துரைக்கப்படும். வியப்பிலே தவறில்லை. ஆனால், தனியார் முயற்சியும் போட்டியும் தழைத்த நாட்டிலே போக்குவரத்து இவ்வாறுதான் அமையும் என்று அவ்வியப்பிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகின்றதே, அங்குதான் உண்மை தலைகீழாகின்றது.

இலண்டனில் வெளிநாட்டுப் பிரயாணி காண்பது போட்டியின் விளைவன்று. போட்டி அகற்றப்பட்டதன் விளைவு. 1933 ஆம் ஆண்டில் நிலக்கீழ்ப் புகையிரதங்களும் ட்ராம் வண்டிகளும் தனியார் பஸ் கம்பனிகளும் ஒரே பொதுச்சபையின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. தொழிற்கட்சி அமைச்சர் ஹேர்பேர்ட் மொறிசன் தொடக்கிவைத்த அத்திட்டத்தைச் சட்டமாக்கியது பழைமைவாதிகள் பெரும்பான்மையினராயிருந்த தேசிய அரசாங்கமே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. ஒரே பாதையில் மூன்று கம்பனிகள் முட்டிமோதுவதால் நகரம் இயங்காது என்பதை அன்றைய முதலாளித்துவ அரசியல்வாதிகளே உணர்ந்திருந்தனர்.

அரை நூற்றாண்டின் பின் அவ்வுணர்வு மறைந்தது. மார்கிரட் தாட்சரின் அரசாங்கம் 1985 ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டத்தை நிறைவேற்றியது. 1986 ஒக்ரோபர் 26 ஆந் திகதி முதல், பதிவு பெற்ற எந்தக் கம்பனியும் தான் விரும்பிய பாதையில், தான் விரும்பிய கட்டணத்துக்கு பஸ் ஓட்டலாம் என்றாயிற்று. ஆறு வாரகால அறிவித்தல் கொடுத்தாற் போதும். பாதையைக் கைவிடுவதற்கும் அதுவே போதும். இச்சட்டம் இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தியது. வட அயர்லாந்துக்குப் பொருந்தவில்லை. இலண்டனுக்கும் பொருந்தவில்லை! மருந்து அத்துணை நன்மருந்தாயின், மருத்துவர் தம் வீட்டுப் பிள்ளைக்கு அதனைக் கொடாதது ஏன்? பின்னர் கொடுப்போம் என்றனர், ஒருபோதும் கொடுக்கவில்லை. (1979 இல் தனியார் பஸ் வண்டிகளுக்கு மீண்டும் பாதை திறந்துவிட்ட இலங்கை இவ்விடயத்திற் பிரித்தானியாவுக்கு முந்திக்கொண்டது என்பது வேறு கதை.)

தெரிவுச் சுதந்திரம் என்ற பெயரிற் பிரயாணிக்குக் கிடைத்தது யாது? காலையில் இலாபம் தரும் பெருவீதியில் மூன்று கம்பனிகளின் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கிராமத்துக்கு உள்ளூராட்சி மன்றம் பணங்கொடுத்தாலன்றி எதுவும் வரவில்லை. ஒரு கம்பனியிடம் வாங்கிய இருவழிச் சீட்டை மற்றக் கம்பனியின் நடத்துநர் ஏற்கமாட்டார். ஊர்வாசி இவற்றையெல்லாம் பழக்கத்தால் அறிந்து சமாளிப்பான். வெளிநாட்டிலிருந்து படிக்கவோ பார்க்கவோ வந்தவன் என் செய்வான்? ஒரு போக்குவரத்து முறையின் தரத்தை அளக்க ஊருக்குப் புதியவனே தக்க அளவுகோல்.

டார்லிங்ரன் என்னும் வட இங்கிலாந்து நகரில் 1994 இல் நிகழ்ந்ததைப் போட்டியின் பக்தர்கள் ஊன்றிப் படித்தல் வேண்டும். அங்கே நகரசபைக்குச் சொந்தமான பஸ் நிறுவனம் ஒன்று இருந்தது. அதனை வாங்க முயன்று தோற்ற பெருங்குழுமம் ஒன்று, நகரசபை நிறுவனத்தின் சாரதிகளைத் தன்பால் இழுத்துக்கொண்டு, அதே பாதைகளிற் கட்டணமின்றி வண்டிகளை ஓட்டியது. இலவசத்தோடு போட்டியிட யாரால் முடியும்? நகரசபை நிறுவனம் வீழ்ந்தது. ஏகபோகங்களை ஆராயும் ஆணைக்குழு மறு ஆண்டு இச்செயலைக் கடுமையாகக் கண்டித்தது. கண்டனத்தால் வீழ்ந்த நிறுவனம் எழுந்துவிடவில்லை. ஷெபீல்ட் நகரை உள்ளடக்கிய தென் யோர்க்சயரிலோ 1975 முதல் உயர்த்தப்படாதிருந்த மலிவான கட்டணம் 1986 இல் ஒரேயடியாக உயர்ந்தது. பிரயாணிகள் பஸ்ஸைக் கைவிட்டனர்.

மக்கள் கார் வாங்கியதனாலேயே பஸ் பிரயாணம் குறைந்தது என்பது வழமையான மறுப்பு. கார் இலண்டனிலும் விற்பனையாயிற்று. எனினும் அங்கு 1985/86 இல் ஏறத்தாழ 115 கோடியாக இருந்த பஸ் பிரயாணங்கள் 2013/14 இல் ஏறத்தாழ 240 கோடியாயின. அதே காலத்தில் மஞ்செஸ்ரர், பேர்மிங்ஹாம், லிவர்பூல் முதலிய நகரங்களைக் கொண்ட ஆறு மாநகரப் பிரதேசங்களில் அத்தொகை 200 கோடிக்குச் சற்று மேலிருந்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இலண்டனுக்கு மானியம் கூடுதலாகக் கிடைத்தது என்பர். உண்மையே. அங்ஙனமாயின் வேண்டியது போட்டியன்று, பொதுப்பணமே என்பதை அவர்கள் தம் வாயாலேயே ஒப்புக்கொள்கின்றனர்.

இலண்டன் பஸ் வண்டிகளை இன்று ஓட்டுவோரும் தனியார் கம்பனிகள்தாமே என இன்னொரு வாதம் எழும். ஆம், ஒப்பந்த அடிப்படையில். ஆனால் பாதை, நேரம், கட்டணம், சீட்டு ஆகிய நான்கையும் தீர்மானிப்பது பொதுநிறுவனம். வண்டியின் உரிமைப் பத்திரத்தில் யார் பெயர் உள்ளது என்பதைவிட, எங்கே எப்போது வண்டி ஓடவேண்டும் என்று கட்டளையிடுபவர் யார் என்பதே பிரச்சினையின் மையம்.

பஸ் இல்லாத இடத்துக்குக் கார் உண்டு, வாடகைக்கு எடுக்கலாமே என்று கூறுவோர் யாருடைய பணப்பையை மனத்திற்கொண்டு கூறுகின்றனர்? வாடகைக் காருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், முற்பணத்துக்குக் கடனட்டை வேண்டும்; இளவயதுச் சாரதியிடம் மேலதிகக் கட்டணமும் அறவிடுவர். புலமைப்பரிசிலில் வாழும் மாணவனுக்கும், கண்பார்வை குன்றிய முதியவருக்கும், மருத்துவமனையில் இரவுப்பணி புரியும் குடியேறிய தொழிலாளிக்கும் இந்தச் சுதந்திரம் கடைக் கண்ணாடிக்கு அப்பாலிருக்கும் பண்டமே. 1963 இல் பீச்சிங் அறிக்கை 2,363 புகையிரத நிலையங்களை மூட வேண்டுமென்றபோதும், கிராமத்தவர்க்குப் பஸ் உண்டு என்றே ஆறுதல் கூறப்பட்டது. அவ்வறிக்கையைக் கோரிய போக்குவரத்து அமைச்சர் ஏர்னஸ்ட் மார்பிள்ஸ், வீதிகள் அமைக்கும் கம்பனி ஒன்றை நிறுவியவர்களில் ஒருவர்.

மஞ்செஸ்ரர்ப் பெருநகரம் இன்று பழைய பாதைக்கே திரும்பியுள்ளது. 2017 ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு, 2023 செப்ரெம்பர் தொடக்கம் படிப்படியாக, 2025 ஜனவரியில் முற்றாக, பஸ் சேவையின் கட்டுப்பாட்டை அது தன் கைக்குள் எடுத்தது. வண்டிகள் யாவும் ஒரே மஞ்சள் நிறம் பூண்டன. 2025 இல் இரண்டு பவுண் கொடுத்தவர் ஒரு மணிநேரத்துள் எந்த பஸ்ஸிலும் மாறி ஏறலாம். இதனைத் தடுக்கவேண்டிக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. 2022 இல் அவ்வழக்குத் தள்ளுபடியாயிற்று. வழக்காடிய கம்பனிகளுள் ஒன்று பின்னர் அதே பொதுநிறுவனத்திடம் ஒப்பந்தம் பெற்று, அது வகுத்த பாதையில், அது விதித்த கட்டணத்துக்கு, மஞ்சள் நிற வண்டிகளை ஓட்டிக்கொண்டிருக்கின்றது.