வாசல்படியிலிருந்து மூன்று மலை

‘‘ஓடிப் போறதா இருந்தா எழுதி வெச்சுட்டுப் போங்க’’ என்றாள் மனைவி.

தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் கேட்கிற வசனம்தான். எந்த வழியாகப் போகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணிக்கு மேல் ஆனால் 999-க்கு போன் பண்ண வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு ஓடிப் போவேன். சாயங்காலம் திரும்பியும் வந்துவிடுவேன். அதில் அவளுக்கு லேசாக ஏமாற்றமோ என்று ஒரு சந்தேகம் உண்டு.

ஜாகை வேல்ஸ் தேசத்தில், அபர்கவென்னி என்ற சின்ன ஊரில். வாரத்துக்கு ஐந்து நாள் ஆபீஸ் நாற்காலி. ஊரைச் சுற்றி மூன்று மலைகள்: ஸ்கிரிட் 486 மீட்டர், ப்ளோரெஞ்ச் 561, சுகர் லோஃப் 596. ஆங்கிலத்தில் ‘ஆரஞ்சு’க்கு எதுகையே கிடையாது என்பார்கள். ப்ளோரெஞ்ச் இருக்கிறதே! கவிஞர்கள் இந்தப் பக்கம் ஏறி வரவில்லை போலிருக்கிறது.

மலை ஓட்டத்தில் என்னைத் தள்ளிவிட்டவர் பக்கத்து வீட்டுக் கிழவர். எழுபதைத் தாண்டியவர். ‘‘கார்ல போய் அடிவாரத்துல இறங்கி ஓடறதெல்லாம் ஓட்டமே இல்லப்பா. வாசல்படியில லேஸ் கட்டணும், அதே வாசல்படியில வந்து அவுக்கணும்’’ என்றார். இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான். லான்வர்டிட் வெல்ஸ் என்ற ஊரில் ஒரு மதுக்கடை வாக்குவாதத்தில், தூரம் அதிகமானால் மனிதன் குதிரையை ஜெயிப்பானா என்று கிளம்பி, 1980-ல் நிஜமாகவே ஒரு பந்தயம் வைத்துவிட்டார்கள். மலைப்பாதையில் சுமார் 35 கி.மீ. காலால் ஓடி ஒரு மனிதன் முதல் முதலாகக் குதிரையை ஜெயித்தது 2004-ல். ஹியூ லாப் என்பவர். பரிசு 25,000 பவுண்டு. குதிரைக்கு என்ன கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, கொள்ளாக இருக்கும்.

நானும் லேஸ் கட்டினேன். மூன்று மலையும் ஏறி வீடு திரும்பச் சுமார் 30 கி.மீ. ஏற்றத்தை மட்டும் கூட்டினால் 1,500 மீட்டர் சொச்சம். திருச்சி மலைக்கோட்டையைப் பதினெட்டு தடவை ஏறுகிற கணக்கு, உச்சியில் பிள்ளையார் இல்லாமல்.

நவம்பர் மாதம். காலை எட்டரைக்குக் கிளம்பினேன். ரோட்டில் திருப்பத்துக்குத் திருப்பம் வெள்ளை எழுத்தில் ‘அராஃப்’ என்று எழுதியிருக்கும். ‘அராவ்’ என்று படிக்க வேண்டும். வெல்ஷ் மொழியில் ‘மெதுவாக’ என்று அர்த்தம். காருக்குச் சொன்னது. என் வேகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்லத் தோன்றாது.

பொதுப்பாதை என்று பலகை இருந்தால் அது யாருடைய பண்ணை வழியாகப் போனாலும் நாம் தாராளமாகப் போகலாம். சட்டம். பண்ணைக்காரர் ஆட்சேபிக்க முடியாது. அவர் நாய்க்குச் சட்டம் தெரியாது. ஸ்கிரிட்டில் ஏறி, இடிந்த தேவாலயத்தின் கற்களைத் தொட்டுவிட்டு இறங்கி, அஸ்க் ஆற்றைத் தாண்டி ப்ளோரெஞ்ச். செங்குத்து. ஓட்டம் என்பது இங்கே மரியாதைக்குச் சொல்வது. கைகளை முழங்காலில் ஊன்றி மாவாட்டுகிற மாதிரி ஏறினேன். மேலே ஃபாக்ஸ்ஹண்டர் என்ற குதிரைக்குச் சமாதி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிக் கொடுத்த குதிரை. ஒரு கும்பிடு போட்டேன். இந்த ஊரில் குதிரையைப் பகைத்துக்கொள்ளக் கூடாது.

மூன்று மணி சுமாருக்கு சுகர் லோஃப் உச்சி. அந்தக் காலத்தில் சர்க்கரையைக் கூம்பு கூம்பாகக் கட்டிப் பிடித்து விற்பார்களாம்; நம் அச்சு வெல்லம் மாதிரி. அந்த உருவம்தான் மலைக்குப் பெயர். உருவத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. மூடுபனி வந்து, நீட்டிய கை விரல் வரைக்கும்தான் உலகம் என்று ஆகிவிட்டது. போனை எடுத்தேன். குளிரில் பாட்டரி உயிரை விட்டிருந்தது.

உச்சித் தூணைத் தொட்டுவிட்டுப் பாதையில் இறங்கினேன். பத்து நிமிஷம் கழித்து ஏதோ உறுத்தியது. ஏறும்போது வடக்கே பார்த்து ஏறினேன். மேற்குக் காற்று இடது கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தது. வீட்டுப் பக்கம் இறங்கினால் வலது கன்னத்தில் அல்லவா அறைய வேண்டும்? இன்னும் இடதிலேயே அறைகிறது. அப்படியானால் நான் போய்க்கொண்டிருப்பது மலையின் அந்தப் பக்கம். அங்கே ஆள் நடமாட்டமில்லாத பள்ளத்தாக்கு.

அடுத்த பயம் அதைவிடப் பெரியது. பையிலிருந்த மழை ஜாக்கெட்டை எடுக்கலாம் என்றால் விரல்கள் ஜிப்பைப் பிடிக்க மறுத்தன. போட்டிருந்தது ஆபீஸில் இலவசமாகக் கொடுத்த பருத்தி டி-ஷர்ட். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டைக் குடித்துவிடும் என்று கிழவர் நூறு தடவை சொல்லியிருக்கிறார். பல்லால் ஜிப்பைக் கடித்து இழுத்தேன். என் பற்கள் தந்தி அடித்துக்கொண்டிருந்ததால் அதுவும் சுலபமாக இல்லை.

கழுத்தில் விசில். நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊத வேண்டும், ஒரு நிமிஷம் நிறுத்தி மறுபடி ஆறு. வாயருகில் கொண்டு போனேன். ஊதவில்லை. யார் கேட்கப் போகிறார்கள்? காலும் உடையவில்லை. காகிதத்தில் ‘5 மணி’ என்று எழுதியிருந்தேன். ஐந்தடித்தால் அவள் போன் பண்ணிவிடுவாள். சம்பளமில்லாத தொண்டர்கள் பத்துப் பதினைந்து பேர் சனிக்கிழமை டீயைப் பாதியில் வைத்துவிட்டு இருட்டில் மலை ஏறுவார்கள். நானோ அவர்கள் தேட நினைக்காத பள்ளத்தாக்கில் கிடப்பேன்.

கீழே இறங்குவது சுலபம். இறங்கத்தான் உடம்பு கெஞ்சியது. திரும்பி மேலே ஏறினேன். உச்சித் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மெல்லத் திரும்பி, காற்று வலது கன்னத்தில் அறைகிற மாதிரி நின்று, அப்படியே நடந்தேன். அந்த அறை இவ்வளவு இதமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துப் பனி விலகி, கீழே மஞ்சளாகத் தெரு விளக்குகள். ஒரு ஆடு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மேய்ச்சலைத் தொடர்ந்தது.

வாசல்படியில் உட்கார்ந்தேன். மணி 4.52. லேஸை அவிழ்க்க விரல் வரவில்லை. கதவு திறந்தது. கையில் போனோடு நின்றாள். ஒன்றும் பேசவில்லை. குனிந்து, சேறு அப்பிய லேஸ் முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்தாள்.

ராத்திரி தண்ணீர் எடுக்கப் போனேன். ஃப்ரிட்ஜ் கதவில் அதே காகிதம். ‘5 மணி’யை அடித்துவிட்டு, அவள் கையெழுத்தில் ‘4 மணி’ என்று இருந்தது. கீழே சின்னதாக: ‘ஆபீஸ் பனியன் துடைக்கிற துணியாகிவிட்டது’.