எலுமிச்சை பிழிஞ்சா மீன்ல இருக்கிற கிருமி செத்துடுமா? சிங்கப்பூர் கத்துக்கிட்ட பாடம்

2015-ல் சிங்கப்பூரில், நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த பெரியவர்கள் பலர் ரத்தத் தொற்றுடன் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலருக்கு மூளைக்காய்ச்சல், சிலருக்கு மூட்டுகளில் தொற்று. காரணம், 'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்ற பாக்டீரியா.

இதில் என்ன புதுசு?

இந்த பாக்டீரியா பொதுவாகத் தாக்குவது பச்சிளம் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் முதியவர்களையும்தான். சிங்கப்பூரில் பரவியது 'எஸ்டி283' என்ற தனி வகை. விசாரணை போய் நின்ற இடம், கஞ்சியோடு பரிமாறப்படும் பச்சை மீன் துண்டுகள். கெண்டை, விரால் இன நன்னீர் மீன்கள் அவை. அந்த டிசம்பரிலேயே, நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாற உணவகங்களுக்குத் தடை வந்தது. பிறகு தென்கிழக்கு ஆசியப் பண்ணைகளின் ஜிலேபி மீன்களிலும் இதே வகை கண்டுபிடிக்கப்பட்டது.

அப்போ மீனே சாப்பிடக் கூடாதா?

தாராளமா சாப்பிடலாம். நல்லா வெந்த குழம்பிலும் வறுவலிலும் இது பிழைக்காது. ஆனால் எலுமிச்சைச் சாறு, மிளகாய், வினிகர் எதுவும் சமைப்பதற்கு ஈடாகாது. ஃப்ரீசரும் அப்படித்தான். உறைய வைத்தால் ஒட்டுண்ணிகள் சாகும், பாக்டீரியா தப்பிவிடும்.

சமைக்கிறவங்க கவனிக்க வேண்டியது

2021-ல் ஹாங்காங்கிலும் எஸ்டி283 தலைகாட்டியது. பாதிக்கப்பட்டவர்களில் சிலர், பச்சை நன்னீர் மீனைக் கையாண்டவர்கள். அதாவது, சாப்பிட்டால்தான் ஆபத்து என்றில்லை.

• கையில் காயம் இருந்தா கையுறை இல்லாம மீன் கழுவாதீங்க.
• மீன் வெட்டின பலகையில் சாலட் நறுக்காதீங்க.
• மீன் முள் குத்திய பிறகு காய்ச்சலோ வீக்கமோ வந்தா, அதை டாக்டரிடம் மறக்காம சொல்லுங்க. சிகிச்சைக்கு ஆன்டிபயாடிக் இருக்கு, தாமதம்தான் ஆபத்து.