கணக்குன்னா ரெண்டு பக்கமும் பார்க்கணும்!



மஞ்சக் கடுதாசி என்றாலே நம்ம ஊரில் மானம் போன மாதிரி. முதலாளி கொடுத்தால் அதுக்குப் பேரு 'திவால் தீர்வு'!

தஞ்சை மாவட்டம் திருமண்டங்குடியை மறக்க முடியுமா? திரு ஆரூரான் சர்க்கரை ஆலையில் கரும்புப் பணம் பாக்கி. எங்கள் பேரிலேயே வங்கிக் கடன் எடுத்துவிட்டார்கள் என்று குமுறி, 2022 நவம்பர் முதல் விவசாயிகள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். அதற்குள் திவால் வழக்கில் ஆலையே வேறு கைக்குப் போயிருந்தது. கடன் நோட்டீஸ் மட்டும் விவசாயி வீட்டுக்கு!

2016 திவால் சட்டத்தில் கம்பெனிக்கு ஒரு கேடயம் இருக்கிறது. சரக்குக் கொடுத்தவன் பாக்கி கேட்டு நோட்டீஸ் விட்டால், இதில் ஏற்கெனவே தகராறு இருக்கு என்று 10 நாளில் காட்டலாம். அது வெறும் சாக்கு இல்லையென்றால் மனு தள்ளுபடி. அந்த மனுப் போடவே, 2020-லிருந்து 1 கோடி ரூபாய் பாக்கி இருக்கணும். ஒரு ஏக்கர் கரும்புக்காரன் எங்கே போவான்?

நமக்கு இன்றும் 1920-ம் வருஷச் சட்டம்தான். அதில் கடன்காரனைத் திவால் ஆக்க 500 ரூபாய்க் கடன் போதும்! ஆனால் அதிலேயே நமக்கும் கேடயம் உண்டு. கொடுக்கல் வாங்கல் இருவருக்கும் இருந்தால், கழித்தது போக மிச்சத்தைத்தான் கேட்கலாம் என்கிறது 46-வது பிரிவு. டிகிரி வாங்கியவர் திவால் நோட்டீஸ் விட்டால், அந்தத் தொகைக்குக் குறையாத எதிர்ப்பாக்கி நமக்கு இருந்து, அதை அந்த வழக்கில் கேட்க வழியில்லாமல் போயிருந்தால், நோட்டீஸையே ரத்து செய்யச் சொல்லலாம்.

ஓட்டை எங்கே? எதிர்ப்பாக்கி அதே ஆள் தரவேண்டியதாக இருக்கணும். ஆலை பாக்கியைக் காட்டி வங்கிக் கடனைக் கழிக்க முடியாது. ஆலை வேறு, வங்கி வேறு என்பார்கள். நம் பேரில் கடன் எடுக்கும்போது மட்டும் ரெண்டும் ஒண்ணா?

அதனால் கேட்கிறோம்: ஆலை வழியாக எடுத்த கடனில் ஆலை, வங்கி, விவசாயி மூன்று கணக்கையும் ஒன்றாக வைத்துத் தீர்க்கச் சட்டம் திருத்து! அதுவரை ஜப்தி, ஏலம் நிறுத்து!

தோழர்களே, எடைச்சீட்டு, பிடித்தக் கணக்கு, பாஸ்புக் எதையும் தொலைக்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நோட்டீஸ் வந்தால் பரணில் போடாமல் எழுத்தில் பதில் கொடுங்கள். சும்மா இருந்தால் கடனை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

இது டெல்லி போட்ட சட்டம். அதனால் டெல்லியின் ஆள் இருக்கிற கிண்டி ஆளுநர் மாளிகை நோக்கிப் புறப்படுவோம்! சின்னமலையில் மறித்தால் அங்கேயே உட்காருவோம்!

எங்கள் பாக்கியைக் கொடு! பிறகு உன் கடனைக் கேள்!